இடிப்புக்கும் திறப்புக்கும் நடுவே

நகர வணிக வளாகங்களின் மறுகட்டுமானத்தை மதிப்பிட நம்மிடம் புழங்கும் அளவுகோல்கள் இரண்டு: என்ன செலவு, என்றைக்குத் திறப்பு. இரண்டும் தேவை, இரண்டும் போதா. காலி மனையில் எழும் கட்டடத்துக்கு அவை ஏறக்குறையச் சரியான கணக்கைத் தந்துவிடும். வியாபாரம் நடந்துகொண்டிருந்த இடத்தை இடித்து, அதே மனையில் கடை, அலுவலகம், பேருந்து நிறுத்தம், வாகன நிறுத்தம் என்று அடுக்கிக் கட்டும்போது கணக்கின் பெரும்பகுதி அந்த இரண்டு எண்களுக்கும் வெளியே நின்றுவிடுகிறது. கடைக்காரர் ஷட்டரை இறக்கிய நாளுக்கும் அவரே அதை மறுபடி ஏற்றிய நாளுக்கும் இடையில் அவருடைய வாடிக்கை எங்கே போனது? பேருந்துக்கு வந்தவர்கள் எங்கே நின்றார்கள்? பழைய குத்தகைப் பட்டியலில் இருந்த பெயர்களில் எத்தனை புதிய பட்டியலில் இருக்கின்றன? இந்த இடைக்காலத்தை வடிவமைப்பதும், காப்பதும், குறுக்குவதுமே கட்டுமான மேலாண்மை ஆலோசனையின் தலையாய பணி. கான்கிரீட்டின் தரம் அதன் அடிப்படைக் கடமை. இடைக்காலத்தின் தரம் அதன் சாதனை. இந்த அளவில் நிறுத்துப் பார்த்தால் தமிழ்நாட்டின் பதிவேடு தாழ்ந்தே நிற்கிறது. தாழ்வுக்கான காரணங்கள் துல்லியமாகச் சொல்லத்தக்கவை என்பதால்தான் இந்தத் திறனாய்வுக்குப் பயன் உண்டு.

திருநெல்வேலிச் சந்திப்பு பேருந்து நிலையம் இதற்கு மிகச் சரியான சான்று. 2015 ஜூனில் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 11 நகரங்கள் கிடைத்தன. ஒவ்வொரு நகருக்கும் நிறுமச் சட்டப்படி ஒரு தனி நிறுவனம். ஒன்றிய அரசின் பங்கு 500 கோடி ரூபாய், அதற்கு இணையான மாநிலப் பங்கு. பக்கத்தில் ஒரு திட்ட மேலாண்மை ஆலோசகர். அமைப்பாகப் பார்த்தால் குறை சொல்வது கடினம். நிதி, அதிகாரம், தொழில்நுட்ப அறிவு மூன்றும் ஒரே கூரையின் கீழ் வந்திருந்தன. சந்திப்பு நிலையத்தின் திட்டக் கருத்தும் பொருத்தமானதுதான். ரயில் நிலையத்தை ஒட்டிய நெரிசலான மனை. நிலம் விரிய வழியில்லை. ஆகவே வாகனங்களைத் தரைக்குக் கீழே இறக்கிவிட்டுப் பேருந்துக்கும் கடைக்கும் மேலே இடம் காண்பது நியாயமான தீர்வு. 2018-இல் பழைய கட்டடம் இடிக்கப்பட்டது. பிறகு அடித்தளத்துக்குத் தோண்டினார்கள். தோண்டிய இடத்தில் ஆற்று மணல் வெளிப்பட்டது. அந்த மணலை யார் அப்புறப்படுத்தலாம், அது எங்கே போயிற்று, அதன் மதிப்பு யாருக்குச் சேரவேண்டும் என்ற தகராறு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போனது. வேலை நின்றது. நிலையம் திறக்கப்பட்டது 2025-இல்.

தாமிரபரணிக் கரையில் வளர்ந்த ஓர் ஊரில் பூமிக்கடியில் மணல் கிடைத்ததை எதிர்பாராத இடையூறு என்று எந்த நிபுணரும் எழுத முடியாது. ஆழமான அடித்தளத்துக்கு முன் துளையிட்டு மண் ஆய்வு எடுப்பது கட்டாயம். மண் அடுக்குகளின் வரிசையை அந்த அறிக்கை மீட்டர் கணக்கில் சொல்லிவிடும். தமிழ்நாட்டில் 2003 முதல் மணல் அள்ளும் உரிமை அரசிடம் மட்டுமே இருக்கிறது. 1959-ஆம் ஆண்டின் சிறு கனிமச் சலுகை விதிகளில் இதற்கென்றே தனி விதி உண்டு. ஒரு மண் ஆய்வு அறிக்கையையும் ஒரு கனிம விதியையும் ஒரே மேசையில் விரித்துப் படிக்கும் ஒருவர் இருந்திருந்தால், அகழ்வுக்கு ஒப்பந்தம் போடும் முன்பே கனிமவளத் துறையின் அனுமதி, அளவெடுப்பு முறை, மணல் கொண்டுபோய்க் குவிக்கும் இடம், அதன் கணக்கு ஆகிய நான்கும் ஒப்பந்த ஆவணத்துக்குள் வந்திருக்கும். அந்த ஒருவரின் பெயர்தான் கட்டுமான மேலாளர். பொறியாளர் மண்ணின் தாங்குதிறனைப் படிக்கிறார். வழக்கறிஞர் வழக்கு வந்த பிறகு விதியைப் படிக்கிறார். இரண்டையும் வேலை தொடங்கும் முன் சேர்த்துப் படிப்பதற்காகத்தான் மூன்றாவது ஆளுக்குச் சம்பளம்.

1957-இல் டூபாண்ட் நிறுவனத்தில் மோர்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் வகுத்த நெருக்கடிப் பாதை முறை இன்று நம் எல்லாத் திட்ட அறிக்கைகளிலும் வண்ணப் படமாக வருகிறது. பைலிங், ராஃப்ட், தூண், ஸ்லாப் என்று பட்டைகள் நீள்கின்றன. அனுமதிகளும் காலிசெய்தலும் வழக்குகளும் அந்தப் படத்தில் ஒரு பட்டையாகக்கூட இருப்பதில்லை. நெல்லையில் நெருக்கடிப் பாதை கான்கிரீட் வழியாகப் போகவில்லை. கனிமவளத் துறையின் கோப்பு வழியாகப் போனது. முறையைக் கற்றுக்கொண்டோம், அதைப் பயன்படுத்தும் துணிவைக் கற்கவில்லை. அரசு அலுவலகம் ஒன்றுக்கு இத்தனை நாள் பிடிக்கும் என்று இன்னொரு அரசு அலுவலகத்துக்கு எழுத்தில் தருவதற்கு ஆலோசகருக்குத் துணிவு வேண்டும். அத்துணிவுக்கு ஒப்பந்தத்தில் பாதுகாப்பு வேண்டும்.

நேர்மையாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வழக்கு நடந்த காலத்தில் வேலையை நிறுத்திவைத்தது தவறான முடிவு என்று என்னால் சொல்ல முடியாது. பொதுச்சொத்தின் கணக்கைக் கேட்டவர்கள் கேட்க வேண்டியதையே கேட்டார்கள். குற்றம் அதற்கு முன்னால் இருக்கிறது: தோண்டினால் என்ன வரும் என்று தெரிந்திருக்கக்கூடிய நிலையில், அதற்கு ஏற்பாடு இல்லாமல் பழைய நிலையத்தை இடித்ததில். இடிப்பு மட்டுமே திரும்பப்பெற முடியாத செயல். மற்ற எல்லாத் தாமதங்களையும் பழைய கட்டடம் நின்றுகொண்டிருக்கும்போதே அனுபவித்திருக்கலாம். வியாபாரம் நடந்துகொண்டிருந்திருக்கும், பயணிகளுக்குத் தலைக்கு மேல் கூரை இருந்திருக்கும்.

மதுரைப் பெரியார் பேருந்து நிலையம் அதே திட்டம், அதே நிறுவன அமைப்பு. ஆனால் அங்கே வேறொரு அறிவு வேலை செய்தது. வளாகத்தின் வணிகப் பகுதி முடிவதற்குக் காத்திராமல் பேருந்து நிலையப் பகுதியை 2021 டிசம்பரில் திறந்துவிட்டார்கள். பகுதி ஒப்படைப்பு என்பது சிறிய விஷயமல்ல. ஒரே கட்டடத்துக்குள் பயன்பாட்டில் இருக்கும் பகுதிக்கும் வேலை நடக்கும் பகுதிக்கும் தனி வழி, தனி மின்சாரம், தனி தீயணைப்பு ஏற்பாடு, விழும் பொருள்களுக்குத் தடுப்பு எல்லாம் முன்கூட்டியே வரைபடத்தில் இருந்தாக வேண்டும். பயணிகளின் இடைக்காலத்தை அது குறைத்தது. அந்த அளவில் அது பாராட்டுக்குரிய முடிவு. கடைக்காரர்களின் இடைக்காலத்தை அது நீட்டியது. அந்த அளவில் முன்னுரிமை யாருக்கு என்பதும் வெளிப்பட்டது. பயணி வாக்காளர், கடைக்காரர் வாடகைதாரர் என்ற கணக்கில் இது விளங்கக்கூடியதே. விளங்குவதால் நியாயமாகிவிடாது. கூட்டுப் பயன்பாட்டு வளாகத்தில் பயன்பாடுகள் ஒன்றையொன்று தாங்குகின்றன: பேருந்து கொண்டுவரும் கூட்டத்தை வைத்துத்தான் கடை, கடை தரும் வாடகையை வைத்துத்தான் நிலையத்தின் பராமரிப்பு. ஒன்றை முதலில் திறப்பது சரி; மற்றதற்குத் தேதி இல்லாமல் திறப்பது அரைவேலை.

சென்னைக்கு வந்தால் மூர் மார்க்கெட் எல்லா விவாதத்துக்கும் முன்னோடி. 1898-இல் அடிக்கல், 1900-இல் திறப்பு, 1985 மே 30-ஆம் தேதி தீ. அந்த மனையில் இன்று புறநகர் ரயில் முனையம் நிற்கிறது. ரயில்வேயின் கோணத்தில் இது கச்சிதமான மறுகட்டுமானம்: இடம் சரி, தேவை உண்மை, பயன் இன்றுவரை தொடர்கிறது. வியாபாரிகளுக்கு அல்லிக்குளம் வணிக வளாகம் கட்டித்தரப்பட்டது. அதையும் பதிவில் சேர்க்கத்தான் வேண்டும், பல ஊர்களில் அதுகூடக் கிடைப்பதில்லை. ஆனாலும் பழைய புத்தகக் கடையும் கிராமபோன் தட்டுக் கடையும் வாழ்ந்தது வழிப்போக்கரால். பக்கத்துச் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கி அடுத்த வண்டிக்குக் காத்திருந்தவர் தற்செயலாக உள்ளே நுழைந்தார், நுழைந்தவர் வாங்கினார். அந்தத் தற்செயலைப் புதிய வளாகத்துக்கு யாரும் இடம்பெயர்க்கவில்லை. சதுர அடிக்குச் சதுர அடி ஈடு கொடுத்தார்கள். நடமாட்டத்துக்கு ஈடு கொடுக்கவில்லை. கடையின் மதிப்பு அதன் பரப்பில் பாதி, அதன் வாசலைக் கடந்து போகும் கால்களில் பாதி. மறுவாழ்வுத் திட்டங்கள் இன்றுவரை முதல் பாதியை மட்டுமே அளக்கின்றன.

ஸ்பென்சர் பிளாசாவின் குறை வேறு இனத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அண்ணா சாலையில் எழுந்த ஸ்பென்சர் கட்டடம் 1980-களின் தொடக்கத்தில் தீக்கிரையானது. அந்த இடத்தில் தொண்ணூறுகளில் புதிய வளாகம் கட்டம் கட்டமாக எழுந்தது. கட்டுமான ஒழுங்கு என்று பார்த்தால் அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனை. முதல் கட்டம் வியாபாரத்துக்கு வந்து பணம் ஈட்டத் தொடங்கிய பிறகு அடுத்த கட்டங்கள் வந்தன. கடைகளும் அலுவலகங்களும் ஒரே குளிர்சாதனக் கூரையின் கீழ் வந்தன. நகரத்தின் கடைத்தெருப் பழக்கத்தையே அது மாற்றியது. தோல்வி கட்டி முடித்த பிறகு வந்தது. கடைகள் தனித்தனியாக விற்கப்பட்டிருந்தன. நூற்றுக்கணக்கான சொந்தக்காரர்கள், யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவர்கள் அல்லர். எந்தத் தளத்தில் எந்தக் கடை, எப்போது புதுப்பித்தல், யார் பணம் போடுவது என்று முடிவெடுக்கும் ஒற்றைக் கை இல்லை. 2010-இல் எக்ஸ்பிரஸ் அவென்யூவும் 2013-இல் வேளச்சேரி பீனிக்ஸும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வாடகை முறையில் வந்தபோது, ஸ்பென்சரால் அந்தப் போட்டிக்குத் தன்னை மாற்றிக்கொள்ள இயலவில்லை.

இது கட்டுமான மேலாண்மையின் தவறா? கறாராகப் பார்த்தால் இல்லை. உரிமை முறையை முதலீட்டாளர் தீர்மானிக்கிறார். ஆனால் உரிமை முறைதான் பராமரிப்பைத் தீர்மானிக்கிறது. பராமரிப்புதான் லிஃப்ட், குளிர்விப்பான், கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றின் வடிவமைப்பைத் தீர்மானிக்க வேண்டும். காலந்தோறும் மாற்ற வேண்டிய கருவிகளை நூறு பேரிடம் கையெழுத்து வாங்கித்தான் மாற்ற முடியும் என்ற நிலையை வரைபடக் கட்டத்திலேயே எழுதி எச்சரிப்பது ஆலோசகரின் வேலை எல்லைக்குள் வருகிறது என்றே நினைக்கிறேன். திறப்பு விழாவோடு பொறுப்பு முடிந்துவிடும் ஒப்பந்தத்தில் அந்த எச்சரிக்கைக்கு இடமில்லை.

தமிழ்நாட்டுக்கு வெளியே ஒப்பிடத்தக்க முயற்சி மும்பையின் பெண்டி பஜார். 2009-இல் தாவூதி போரா சமூகத்தின் தலைவர் சையத்னா முகமது புர்கானுத்தீன் தொடங்கிய அறக்கட்டளை அதை நடத்துகிறது. 16.5 ஏக்கர், ஏறக்குறைய 250 பழைய கட்டடங்கள், 3,200 குடும்பங்கள், 1,250 கடைகள். கட்டடம் கட்டடமாகப் புதுப்பிக்காமல் பகுதி முழுவதையும் தொகுப்புகளாகப் பிரித்து மாற்றியமைக்கும் திட்டம். முறையியலில் இது நம்மிடம் உள்ள எதையும் விட உயர்ந்தது. குடும்பங்களை மஜ்காவ் பகுதியில் கட்டிய தற்காலிக வீடுகளுக்கு முதலில் மாற்றிவிட்டு, காலியான தொகுப்பை மட்டும் இடித்து, அங்கே எழுந்த கோபுரத்துக்கு அவர்களைத் திரும்ப அழைத்துவரும் சுழற்சி. வாடகைதாரருக்கு முன்பு இல்லாத சொந்த உரிமை. இடைக்காலத்தை ஒரு திட்டப் பொருளாகவே கருதி அதற்கென்று கட்டடம் கட்டிய திட்டம் அது.

அதன் குறையும் அந்த அளவுக்குப் பெரியது. சுழற்சி மெதுவாகச் சுழன்றது. 2017 ஆகஸ்ட் 31-ஆம் தேதி, திட்ட எல்லைக்குள் இருந்த ஹுசைனி கட்டடம் இடிந்து விழுந்து 33 பேர் இறந்தார்கள். அங்கிருந்து சில குடும்பங்கள் ஏற்கெனவே தற்காலிக வீடுகளுக்குப் போயிருந்தன; மற்றவர்கள் போகவில்லை. தற்காலிக வீடு கட்டியது போதவில்லை; அதற்குப் போகச் சம்மதிக்க வைப்பதும், சம்மதிக்காதவர்களின் கட்டடத்தில் கீழ்த்தளக் குடோன்களின் பாரத்தையும் பயன்பாட்டையும் கட்டுப்படுத்துவதும், ஆபத்து வரிசைப்படி எந்தத் தொகுப்பு முதலில் என்று முடிவெடுப்பதும் அதே மேலாண்மையின் கடமைகள். தொகுப்பு வரிசையை நில வசதி தீர்மானித்ததா, கட்டடத்தின் உயிராபத்து தீர்மானித்ததா என்ற கேள்வியை எந்த மறுகட்டுமானத்திடமும் கேட்க வேண்டும். மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-ஆம் தேதி கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்ததிலிருந்து புதுக் கட்டுமானத்தின் ஆபத்தை நாம் பேசக் கற்றுக்கொண்டோம். இடிபடக் காத்திருக்கும் பழைய கட்டடத்தின் ஆபத்தை இன்னும் பேசக் கற்கவில்லை.

இவ்வளவையும் வைத்து ஆலோசகர் என்ற அமைப்பையே எடைபோட வேண்டியிருக்கிறது. நல்லது முதலில். திட்ட மேலாண்மை ஆலோசகர் வருவதற்கு முன், உள்ளாட்சிப் பொறியாளர் ஒருவரே எஸ்டிமேட் போட்டார், டெண்டர் விட்டார், சைட்டைப் பார்த்தார், எம்-புக்கில் அளவு எழுதினார், பில்லுக்குப் பரிந்துரைத்தார். தான் வரைந்ததைத் தானே அளந்து தானே சரி என்று எழுதும் அந்த ஏற்பாட்டை ஆலோசகர் உடைத்தார். கியூப் டெஸ்ட் முடிவுகள் கோப்பில் ஒழுங்காக ஏறின. மாதாந்திர முன்னேற்ற அறிக்கை வந்தது. வரைபடத் திருத்தங்களுக்கு எண்ணும் தேதியும் வந்தன. ஒழுங்கு வந்தது என்பதை மறுப்பவர் பழைய கோப்புகளைப் பார்க்காதவர்.

கோப்பின் ஒழுங்கு சுவருக்குப் போய்ச் சேராதபோது என்ன ஆகும் என்பதை 2021-இல் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பு காட்டியது. கையால் தேய்த்தாலே பூச்சு உதிர்ந்தது. சென்னை ஐஐடியின் நிபுணர்களை அழைத்து ஆய்வு செய்ய வேண்டிவந்தது. அது வணிக வளாகம் அல்ல, ஆனால் படிப்பினை ஒன்றே: மேற்பார்வை இருந்தது, அளவு எழுதப்பட்டது, பணம் போனது, தரம் போய்ச் சேரவில்லை.

என் பார்வையில் குறை மூன்று இடங்களில் வேர்விட்டிருக்கிறது. ஆலோசகர் தாமதமாக வருகிறார் என்பது முதல் வேர், அதுவே ஆழமானது. திட்டம் முடிவான பிறகு, மதிப்பீடு ஒப்புதலான பிறகு, பல இடங்களில் இடிப்பு உத்தரவே போன பிறகு அவர் நியமிக்கப்படுகிறார். இடைக்காலத்தைத் தீர்மானிக்கும் முடிவுகள் எல்லாம் அதற்குள் எடுக்கப்பட்டுவிடுகின்றன: எந்தப் பக்கம் முதலில் இடிப்பது, கடைகள் எங்கே போவது, அடித்தளம் எத்தனை மீட்டர். மிச்சமிருப்பது கான்கிரீட்டைக் கண்காணிப்பதுதான். அதை அவர் செய்கிறார், சில சமயம் நன்றாகவே செய்கிறார்.

கட்டணம் அடுத்தது. திட்டச் செலவில் இத்தனை விழுக்காடு என்றோ, இத்தனை ஆள் இத்தனை மாதம் என்றோ கட்டணம் பேசப்படுகிறது. முதல் முறையில் செலவு கூடினால் அவருக்கு நல்லது. இரண்டாவது முறையில் காலம் நீண்டால் நல்லது. எந்த ஆலோசகரும் வேண்டுமென்றே நீட்டுகிறார் என்று நான் சொல்லவில்லை. நீட்டாமலிருக்க அவருக்குக் காரணம் எதையும் நாம் தரவில்லை என்கிறேன். அமெரிக்க நடைமுறையில் ஒரு வகை மேலாளர் உச்சவரம்பு விலைக்கு உறுதி தந்து இடரைத் தானும் ஏற்கிறார். நம் ஆலோசகர் அறிக்கைக்கு மட்டுமே பொறுப்பு. ஒப்பந்தக்காரருக்குத் தாமத அபராதம் உண்டு, ரிட்டென்ஷன் தொகை உண்டு, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் உண்டு. ஆலோசகருக்கு இவற்றுக்கு இணையாக எதுவும் வலுவாக இல்லை.

மூன்றாவதான தேர்வு முறை பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1998-ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் தமிழ்நாட்டுக்குச் செய்த நன்மை பெரியது. முறைகேட்டின் கதவுகள் பலவற்றை அது அடைத்தது. ஆனால் குறைந்த விலையையே நோக்கி இழுக்கும் பழக்கம் சிக்கலான மறுகட்டுமானத்துக்குப் பொருந்தவில்லை. ஒன்றிய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை 2021 அக்டோபரில் வெளியிட்ட பொது அறிவுறுத்தல்கள் இதை ஒப்புக்கொண்டு, தரம் முதன்மையான பணிகளில் விலை அல்லாத கூறுகளுக்கு 30 விழுக்காடு வரை எடை தரலாம் என்றன. கடை நடக்கும் மனையில் கட்டுவதை விடத் தரம் முதன்மையான பணி எது?

சென்னைப் பிராட்வேயைப் பற்றிய தீர்ப்பை நிறுத்திவைக்கிறேன். பேருந்து நிலையத்தையும் குறளகத்தையும் சேர்த்து, 800 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பீட்டில், மெட்ரோ ரயில் நிறுவனத்தின் கையில் உருவாகும் பன்முகப் போக்குவரத்து வளாகம் அது. ஒரு விஷயத்தில் அது நெல்லையை விட மேலாக இருக்கிறது: பேருந்துகளுக்கு மாற்று இடமாக இராயபுரத்தில் தற்காலிக நிலையம் கட்டும் வேலையைத் திட்டத்தின் முதற்படியாக எடுத்துக்கொண்டது. பாரிமுனைச் சுற்றுவட்டாரத்தின் நடைபாதை வியாபாரிகளுக்கு அதே கவனம் கிடைக்கிறதா என்பதில்தான் மீதி மதிப்பெண் இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அவர்களைக் கணக்கெடுப்பதும் நகர விற்பனைக் குழுவைக் கேட்பதும் சலுகையல்ல, கடமை.

இனி பள்ளிப்பட்டு. கோடிக்கணக்கில் புரளும் மாநகரத் திட்டங்களை வைத்து வகுத்த அளவுகோல் ஆந்திர எல்லையை ஒட்டிய ஒரு பேரூராட்சிக்குப் பொருந்துமா என்று கேட்பவர்கள் உண்டு. இங்கேதான் அது கூடுதலாகப் பொருந்துகிறது. கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் போன்றவற்றின் நிதி சிறிய ஊர்களின் சந்தைகளுக்கும் பேருந்து நிலையக் கடைகளுக்கும் வருகிறது. பெருநகரக் கடைக்காரருக்கு வேறு தெரு உண்டு, வேறு வங்கி உண்டு. இங்கே பேருந்து நிறுத்தக் கடை ஒன்று ஓராண்டு மூடிக் கிடந்தால் வாடிக்கையாளர் பொதட்டூர்ப்பேட்டைக்கோ நகரிக்கோ திருத்தணிக்கோ பழகிவிடுகிறார். பழகியவர் திரும்புவது அபூர்வம். பேரூராட்சிக்குத் தனிப் பொறியாளர் முழுநேரமாகக் கிடைப்பது அரிது. பல ஊர்களை ஒருவரே பார்க்கிறார். ஆகவே மேலாண்மை ஆதரவு இங்கே ஆடம்பரமாகத் தோன்றும், ஆனால் தேவை இங்கேதான் அதிகம். தனித்தனியாக ஒவ்வோர் ஊரும் ஆலோசகரை அமர்த்த முடியாது. திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டை வட்டாரங்களின் உள்ளாட்சிகளுக்குப் பொதுவாக ஒரு சிறிய குழுவை மாவட்ட அளவில் அமர்த்துவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

அந்தக் குழுவின் கால அட்டவணைக்கு இந்த வட்டாரம் தரும் சோதனை கடினமானது. திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் திரளும் நாள்களிலும், டிசம்பர் 31 இரவு படித் திருவிழாவின்போதும் வழித்தடத்தில் ஒரு ஜல்லி லாரிகூட நிற்கக் கூடாது. கடைகளின் ஆண்டு வருமானத்தில் கணிசமான பங்கு அந்த நாள்களில் வருகிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். 2021 நவம்பரில் ஆந்திரத்தின் கிருஷ்ணாபுரம் அணை திறக்கப்பட்டுக் கொசஸ்தலை பெருக்கெடுத்தபோது பள்ளிப்பட்டுச் சுற்றுவட்டாரத்தின் தரைப்பாலங்கள் துண்டிக்கப்பட்டன. சிமென்ட் வராது, ஆள் வராது, தோண்டிய குழியில் தண்ணீர் நிற்கும். மழைக்கு முன் அடித்தளம் மண் மட்டத்துக்கு மேலே வந்தாக வேண்டும் என்றால் இடிப்பு தைக்குப் பின், அகழ்வு மாசி பங்குனியில். இதைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் டெண்டர் எந்த மாதத்தில் முடிய வேண்டும் என்பது தானே வந்துவிடும். திருவிழாவும் மழையும் ஆற்று வெள்ளமும் ஏறாத அட்டவணையை எந்த மென்பொருளில் வரைந்திருந்தாலும் ஏற்கக் கூடாது. குத்தகைதாரர் பட்டியலும் மறு ஒதுக்கீட்டு அறிவிப்பும் தமிழிலும் தெலுங்கிலும் வர வேண்டும்; 1960-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த இந்த எல்லைப் பகுதியின் கடைவீதி இன்னமும் இரண்டு மொழியில்தான் பேரம் பேசுகிறது.

பழைய கடைக்காரர்களின் பட்டியலை எடுக்கும்போது ஒரு சிக்கல் கட்டாயம் எழும். பேரேட்டில் இருக்கும் பெயர் ஒன்று, கடையில் உட்கார்ந்திருப்பவர் வேறொருவர். உள்வாடகை எங்கும் உள்ள நடைமுறை. பகடி எனும் முன்தொகை கொடுத்துக் கடையைப் பிடித்தவருக்குச் சட்டத்தில் இடமில்லை. அவர் இல்லாமல் அந்தக் கடையில் வியாபாரமும் இல்லை. பேரேட்டை மட்டும் நம்பினால் வியாபாரி தெருவுக்கு வருகிறார். கடையில் இருப்பவரை மட்டும் நம்பினால் விதியை மீறியவருக்குப் பரிசு. இரண்டுக்கும் நடுவே ஒரு நியாயமான வழி உண்டு: இடிப்புக்கு ஆறு மாதம் முன்பே கடை கடையாகப் புகைப்படத்தோடும் மின் இணைப்பு எண்ணோடும் கணக்கெடுத்து, இருவரையும் ஒரே விசாரணையில் உட்காரவைத்து, தற்காலிகக் கடை உட்கார்ந்திருப்பவருக்கு, நிரந்தர ஒதுக்கீடு விசாரணை முடிவின்படி என்று எழுதிவிடுவது. இதற்குக் கட்டடவியல் அறிவு வேண்டாம், பொறுமையும் பதிவும் வேண்டும். இந்த வேலையைத் தன் பணி எல்லைக்குள் எழுதிக்கொள்ள மறுக்கும் ஆலோசகர் கட்டடத்தை மேற்பார்வையிடத் தகுந்தவராக இருக்கலாம். மறுகட்டுமானத்தை மேலாளத் தகுந்தவர் அல்லர்.

ஆகவே தீர்ப்பு இப்படி அமைகிறது. கட்டுமான மேலாண்மை ஆதரவு என்ற கருத்து தேவையானது, அதன் கருவிகள் தேர்ந்தவை, அதைக் கையாளும் நம் ஒப்பந்தங்கள் தரம் தாழ்ந்தவை. பெண்டி பஜாரிடமிருந்து சுழற்சியையும், மதுரையிடமிருந்து பகுதி ஒப்படைப்பையும், நெல்லையிடமிருந்து இடிப்புக்கு முன் எல்லா அனுமதியும் என்ற எச்சரிக்கையையும் எடுத்துக்கொள்ளலாம். ஆலோசகரை இடிப்பு ஆணைக்குக் குறைந்தது ஓராண்டு முன்பே அமர்த்த வேண்டும். மண் ஆய்வும் கனிம அனுமதியும் தற்காலிகக் கடைகளும் முடிந்ததாக அவர் எழுத்தில் சான்றளிக்காமல் இடிப்பு ஆணை செல்லாது என்று ஒப்பந்தம் சொல்ல வேண்டும். கட்டணத்தைச் செலவோடு முடிச்சுப் போடாமல் ஒரே தொகையாக நிர்ணயித்து, அதில் ஐந்தில் ஒரு பங்கை நிறுத்திவைக்க வேண்டும். திறப்பு விழா நடந்தாலும் அந்தப் பங்கு விடுவிக்கப்படக் கூடாது. பழைய பட்டியலின் கடைசிப் பெயருக்கு நேரே புதிய கடை எண்ணும் மின் இணைப்பு எண்ணும் பதிவான நாளில் விடுவிக்கலாம்.